கிட்டாருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட்

1

இந்தக் கதை என் வலது முழங்காலில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை நெஞ்சில் பிறக்கிறது, கனவில் பிறக்கிறது என்று பேட்டிகளில் படித்திருக்கிறேன். அவரவர் கொடுப்பினை. நான் நான்கரை மணி நேரம் பேருந்தில் நின்றுகொண்டே அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். இத்தனைக்கும் எனக்கு நேர் எதிரே ஓர் இருக்கை இருந்தது. அதில் ஒரு கிட்டார் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரத்தில், காற்று வாங்கிக்கொண்டு.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேட்டார்.

"இத மேல வைக்கக் கூடாதாம்மா? சார் நிக்கறாரு பாருங்க."

அவள் கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து விசிறி போல விரித்துக் காட்டினாள். "அதுக்கும் வாங்கியிருக்கேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கிட்டாரைப் பார்த்தேன். சட்டம் கிட்டார் பக்கம் இருந்தது.

வயிறெரிந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெட்டிக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பவள் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்வாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்ததெல்லாம் அவளுக்குப் பாதகமாகவே இருந்தது. ஆகவே, வாசகரே, இது பழிவாங்கத் தொடங்கிய கதை. நடுவில் கை மாறிவிட்டது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

ஒரு பயணப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. சிறிய கடற்கரை ஊர், மாலையில் கடலோரத்தில் நேரடி இசை, எங்கே தங்கலாம், எத்தனை மணிக்குப் போகலாம், இவ்வளவுதான் கட்டுரை. ஆயிரம் வார்த்தை. வியாழன் மதியம் போய்ச் சேர்ந்து, அன்று மாலையே பாட்டைக் கேட்டுவிட்டு, அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

கடல் இசைத்துக்கொண்டிருந்தது.

அடித்துக் கசக்கிப் போட்டேன். கடல் எதையும் இசைக்கவில்லை. அன்று மாலை அங்கே ஒலிபெருக்கிகளைக் கவனிக்கும் சவுண்டுக்காரர் கடலைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம், "இது ஒரு தொல்லை சார், எப்பப் பாத்தாலும் உஸ்ஸுன்னு" என்பதுதான்.

இரண்டாம் தொடக்கம்:

இந்த ஊரில் பிறக்கும் குழந்தை அழுவதே ஒரு ராகத்தில்தான். இங்கே எல்லோருமே பாடகர்கள். நீல நிறக் கடலைப் பார்த்தபடி அவர்கள்

இதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். மூன்றாவதாகப் பேருந்தையும் முழங்காலையும் எழுதினேன். பயணப் பத்திரிகைக்கு என் முழங்கால் எதற்கு என்று அதையும் கசக்கினேன்.

மறுநாள் காலை நடை போய்த் திரும்பியபோது மேசைமேல், தண்ணீர் ஜாடிக்கு அடியில், மூன்று தாள்களும் நீவி விடப்பட்டு இருந்தன. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

"எல்லோரும் பாடகர்கள்" என்பதற்கு எதிரே: எட்டுப் பேர். நான் பாடமாட்டேன்.

"நீல நிறக் கடல்" என்பதற்கு எதிரே: இப்ப கலங்கல். ஜன்னலத் தொறந்து பாருங்க.

மூன்றாம் தாளில், கிட்டார் பெட்டி வரும் இடத்துக்கு எதிரே: இந்தப் பொண்ணு உங்களுக்கு நேர் கீழ் ரூம். பாடற பொண்ணோட அக்கா. இத எழுதுங்க.

3

விடுதிக்காரம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

என் வயதுதான், ஐம்பத்தைந்து இருக்கும். ஆறு அறை விடுதியைத் தனி ஆளாக நடத்துகிறார். காலையில் அறையைப் பெருக்க வரும்போது குப்பைக்கூடையில் கசங்கிய தாள் கிடந்தால் பிரித்துப் படிப்பார். தப்பு இருந்தால் பொறுக்கமாட்டார். அவருடைய பென்சில் வரவேற்பு மேசையில் பதிவேட்டோடு சேர்த்து நூலில் கட்டப்பட்டிருக்கிறது. அதாவது என் குப்பையைக் கீழே கொண்டுபோய்த் திருத்தி, மறுபடி மாடி ஏறி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் இருபது வருட எழுத்தில் எந்தப் பதிப்பாசிரியரும் எனக்காக இத்தனை படி ஏறியதில்லை.

இந்தக் கதைக்கு அவர் முக்கியம். அந்த ஊரில் எல்லாப் பாட்டையும் முடித்துவைப்பவர் அவர்தான்.

எப்படி என்றால், பாட்டு நடப்பது கடலைப் பார்த்த ஒரு தகரக்கூரைக் கடையில். பகலில் குளிர்பானம், ஐந்து மணிக்கு மேல் கச்சேரி. சரக்கு இறக்கிய மரப்பலகைகளை அடுக்கியதுதான் மேடை. உப்புக் காற்றும் மணலும் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால் ஒவ்வொரு பிளக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு உட்கார்ந்திருக்கும். சவுண்டுக்காரர் தன் மிக்ஸருக்கு ஒரு பூப்போட்ட போர்வை வைத்திருக்கிறார். கடைக்கு இருக்கும் மின் இணைப்பு இரண்டு பல்புக்கும் ஒரு குளிர்பெட்டிக்கும்தான் தாங்கும். ஆகவே எதிரே உள்ள விடுதியின் சமையலறையிலிருந்து ஓர் ஆரஞ்சு ஒயர் சந்தின் குறுக்கே ஓடி, இரண்டு மதில்களைத் தாண்டி மேடைக்குப் போகிறது. கச்சேரியின் உயிர் அதில் ஓடுகிறது.

கடைக்குப் பின்வரிசை வீடுகளில் இருப்பவர்கள் விடியும் முன்பே படகு எடுப்பவர்கள். அவர்கள் எட்டு மணிக்குக் கண்ணயர வேண்டும். அதனால் ஏழு மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும் என்று பதினோரு வருடம் முன்பு ஓர் ஒப்பந்தம். ஐந்து நிமிடம் இருக்கும்போது விடுதியின் வாசல் விளக்கு எரியும். அதுதான் எச்சரிக்கை. கடைசிப் பாட்டு அப்போது தொடங்கும். சரியாக ஏழுக்கு விடுதிக்காரம்மா சமையலறைச் சுவிட்சை அணைப்பார். பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யாரும் கோபிப்பதில்லை. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, பாட்டின் மீதியை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு சுருதியில். வெளியூர்க்காரன் மட்டும்தான் "என்ன, கரண்ட் போச்சா?" என்று கேட்பான். வியாழக்கிழமை நான் கேட்டேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசிப் பாட்டு விருந்தாளிக்கு. அன்றாடம் பாட்டுக்கு அடிக்குரல் தரும் பேஸ் கிட்டாரை வாசிக்கும் சைக்கிள் கடைக்காரர் வாத்தியத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டு பத்து வரை எண்ணுவார். வெளியூரிலிருந்து வந்தவர் யாருக்காவது வாசிக்கத் தெரிந்தால் ஏறி வாங்கிக்கொள்ளலாம். பத்துக்குள் ஆள் வராவிட்டால் அவரே வாசித்துவிடுவார்.

(ஒரு சிறு குறிப்பு, பின்னால் தேவைப்படும். கரண்ட் போனாலும் பாடுகிறவர் பாடலாம், டிரம்ஸ் அடிக்கிறவர் அடிக்கலாம். பேஸ் கிட்டார் மட்டும் ஊமையாகிவிடும். ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது.)

4

வெள்ளி மதியம் சவுண்டுக்காரரைத் தேடிப் போனேன். பிளக்குகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். பாடுகிற பெண்ணின் கணவர் அவர்.

"உங்க வீட்டம்மாவோட அக்கா வந்திருக்காங்களாமே" என்றேன்.

அவர் கையிலிருந்த ரப்பர் பேண்டு எகிறிப் போய் மணலில் விழுந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். "நான்தான் சார் போன் பண்ணி வரச் சொன்னேன். என் வீட்ல தெரியாது. தயவு பண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சத்தியம் செய்தேன். (நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்தாளன் சத்தியத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.)

"ஏன் சார் கூப்பிட்டேன்னா," என்று அவர் சொன்னார், "ஆறு வருஷமா எங்க வீட்ல ஒரே பாட்டத்தான் கடைசியா பாடறா. ஏழு நிமிஷப் பாட்டு. மூணு சரணம். மூணாவது சரணம் அஞ்சு நிமிஷம் முடிஞ்சப்புறம்தான் வரும். வாசல் லைட் எரிஞ்சதும் ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"மூணாவது சரணத்த கரண்ட் முழுங்கிடும்."

"தினமும் முழுங்குது. வேணும்னேதான் அப்படி வைக்கறா. அந்தச் சரணத்த அவ பாடி ஆறு வருஷமாச்சு."

அந்தச் சரணத்தில்தான் அக்காவும் தங்கையும் பிரிந்தார்கள். அப்போது இருவரும் நகரத்தில் ஒரே இசைக்குழுவில் இருந்தார்கள். தங்கையின் குரலுக்குச் சிறு வயதிலிருந்தே சுருதி நிர்ணயிப்பது அக்காதான். பேஸ் வாசித்துக்கொண்டே அவள் தலையசைத்தால் மற்ற வாத்தியங்களும் அவளோடு சுருதி இறங்கும், ஏறும். ஒரு பெரிய கச்சேரியன்று காலையில் தங்கைக்குத் தொண்டை கட்டியிருந்தது. அக்காவுக்கு நாள் முழுக்க அதே கவலை. மூன்றாவது சரணம் உச்சத்துக்குப் போகும் சரணம். ஆகவே இரண்டாவது முடிந்ததும் யாரையும் கேட்காமல் தலையசைத்து அரைக்கட்டை இறக்கிவிட்டாள். தங்கைக்கோ மதியமே தொண்டை சரியாகிவிட்டது. சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் பழைய சுருதியிலேயே பாடினாள்.

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்திருந்தா நாலு செகண்டுல சரியாகியிருக்கும் சார். ஒரு சரணம் முழுக்க ரெண்டு பேரும் விடல. எண்ணூறு பேர் உக்காந்திருக்காங்க. பாட்டு ஒரு பக்கம் போகுது, கிட்டார் ஒரு பக்கம் போகுது. நான் மெஷின்ல உக்காந்துக்கிட்டு யாரக் கொறைக்கறது? ஒருத்தி பொண்டாட்டி, ஒருத்தி அக்கா."

"யாரக் கொறைச்சீங்க?"

"டிரம்ஸ ஏத்திவிட்டேன்."

பிறகு தங்கை மைக்கிலேயே கேட்டாளாம், "என் தொண்டைக்கு நீ என்ன காவலா?" என்று. எண்ணூறு பேரும் சிரித்தார்கள். அக்கா கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

"திங்கக்கிழம காலைல பஸ்ஸுக்குத் திரும்பறாங்க" என்றார் சவுண்டுக்காரர். "அதுக்கப்புறம் கப்பல்ல வாசிக்க ஒப்பந்தம். மூணு வருஷம். இப்ப விட்டா விட்டதுதான் சார்."

5

இனி 'நான்' கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன். அவள் உள்ளத்துக்குள் போக எனக்கு அனுமதி கிடையாதுதான். ஆனால் நான்கரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் போகிறேன்.

பேஸ்காரி, அதாவது அக்கா, வியாழன் மாலை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, கூட்டத்தில் குழந்தையைப் பிடித்துக்கொள்வதுபோல் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். தங்கை மேடை ஏறியதும் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் கொடுத்தாள். மூச்சை முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் எடுக்கிறாள். வார்த்தைக் கடைசியில் இழுப்பது குறைந்திருக்கிறது. சுருதி? அதே ஐந்தரைக் கட்டை. அரை இழை இறங்கவில்லை. 'கழுதைக்குத் திமிர் மட்டும் குறையல' என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாசல் விளக்கு எரிந்தது. அந்தப் பாட்டு தொடங்கியது. அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே முழங்காலில் வாசிக்க ஆரம்பித்தன. இரண்டாவது சரணம் முடிந்தது. ஏழு மணி. எல்லாம் நின்றது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவள் விரல்கள் மட்டும் நிற்காமல் மூன்றாவது சரணத்துக்குள் போய்விட்டன. எந்தச் சுருதியில் என்று கேட்காதீர்கள். முழங்காலுக்குச் சுருதி கிடையாது. வலி மட்டும்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை தங்கை பார்த்துவிட்டாள். முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அதைப் பிடித்திருந்த கையை. பாடிய வரியையே இரண்டாம் முறை பாடினாள். அதன்பின் அன்று பாடியதெல்லாம் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. சவுண்டுக்காரர் ஒலியைக் குறைக்கக் குறைக்க அவள் ஏற்றினாள். முடிந்ததும் ஒருத்தி இடது பக்கம் போனாள், ஒருத்தி வலது பக்கம் போனாள். நடுவில் நின்ற மனிதர் போர்வையை எடுத்து மிக்ஸருக்குப் போர்த்தினார்.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்காரர் கிட்டாரைத் தூக்கிப் பிடித்து, நேராகப் பேஸ்காரியைப் பார்த்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று அவசரமே இல்லாமல் எண்ணினார். அவள் கை பெட்டியின் கொக்கிக்குப் போனது. மூன்று கொக்கியில் ஒன்றைத் திறந்தாள். ஏழு. எட்டு. தங்கை மேடையில் நின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்து. சைக்கிள் கடைக்காரர் பெருமூச்சு விட்டு வாரை மாட்டிக்கொண்டார். அவள் கொக்கியை மறுபடி போட்டாள். அந்த 'டக்' சத்தம் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பாவமாக இருந்தது. என் கோபம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது.

(பென்சில்: மூணு இல்ல, நாலு கொக்கி. பெருக்கும்போது நகத்தி வச்சேன். நல்ல கனம்.)

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அவள் மன்னிப்புக் கேட்க வந்தாளா, கேட்கவைக்க வந்தாளா?

அவள் பக்கம் நின்று எழுதினேன். அன்பினால்தானே இறக்கினாள், அதில் என்ன தப்பு? எழுதி முடித்துப் படித்தால், தங்கை அடங்காப்பிடாரியாகத் தெரிந்தாள். தங்கை பக்கம் நின்று எழுதினேன். கேட்காமல் கொடுக்கிற அன்பு பாதி அதிகாரம் அல்லவா? இப்போது அக்கா சட்டாம்பிள்ளையாகத் தெரிந்தாள். இரண்டும் சரியாக இருந்தன. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடத் தலைவலி கிடையாது.

ஞாயிறு ஒரு நாள்தான் பாக்கி. முடிவுகளை யோசித்தேன்.

முதல் முடிவு. சவுண்டுக்காரர் கடையின் கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் ஐந்து நிமிடம் முன்னால் தள்ளிவைக்கிறார். பாட்டு சீக்கிரம் தொடங்குகிறது. மூன்றாவது சரணத்துக்கு நேரம் கிடைக்கிறது. (பென்சில்: கடைல கடிகாரமே கிடையாது.)

இரண்டாம் முடிவு. திடீரென்று கருமேகம் திரண்டு, இடி இடித்து, தங்கை பயந்துபோய் "அக்கா" என்று

வேண்டாம். அந்த வாக்கியத்தை முடித்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாம் முடிவு எனக்கே பிடித்துப்போனது. ஈர நெஞ்சம் கொண்ட விடுதிக்காரம்மா ஞாயிறு மாலை சுவிட்சில் கை வைக்கிறார். எதிர்ப்பக்கம் அக்காவும் தங்கையும் சேர்ந்து வாசிக்கும் பாட்டு காதில் விழுகிறது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் கை தயங்குகிறது. இரண்டே நிமிடம் விடுகிறார். நான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் எனக்கே கண் கலங்கியது. குப்பைக்கூடையில் போடவில்லை, மேசைமேலேயே வைத்தேன், படிக்கட்டும் என்று.

ஞாயிறு காலை பார்த்தேன். நான்கு பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு. அடியில் ஒரே வார்த்தை: மாட்டேன்.

இறங்கிப் போனேன். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் அந்தச் சுவிட்சு, ஒயர் வெளியே போகும் துளைக்குப் பக்கத்தில்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா கேக்கறேன்."

"ரெண்டு நிமிஷம் விட்டா நாளைக்கு அஞ்சு நிமிஷம் கேப்பாங்க. பின்னால படுக்கறவங்க நடுராத்திரில எழுந்து தண்ணிக்குள்ள போறவங்க சார். தூக்கக் கலக்கத்துல ஒரு கயிறு கால்ல சிக்கினாப் போதும்."

"ஆறு வருஷச் சண்டம்மா. இன்னிக்கு விட்டா மூணு வருஷம் கப்பல்."

"எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா கீழ் ரூம்ல அந்தப் பொண்ணு நடக்கற சத்தம் எனக்குத்தான் கேக்குது." தட்டை அடுக்கினார். "அவங்க சேரணும்னா சேரட்டும். அதுக்கு என் சுவிட்ச எதுக்குப் பிடிக்கறீங்க?"

"கதைக்காகக் கேக்கறேன்."

"கதைல அணைக்காம விடுங்க. அந்தக் கையி என் கையின்னு மட்டும் எழுதாதீங்க."

7

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிறு மாலை அறுபது பேர் இருப்பார்கள். நான் சவுண்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். வாசல் விளக்கு எரிந்தது. சைக்கிள் கடைக்காரர் கிட்டாரைத் தூக்கினார். ஒன்று என்றார். கடைசி வரிசையிலிருந்து 'டக்' என்று கேட்டது. இரண்டு. டக். மூன்று. டக். நான்கு. டக். (பென்சில்காரம்மா சொன்னது சரிதான்.) அவர் அதற்குமேல் எண்ணவில்லை. தன் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, ஒயரின் நுனியை மட்டும் நீட்டினார்.

பேஸ்காரி பலகைமேல் ஏறினாள். ஒயரை மாட்டினாள். சவுண்டுக்காரர் பேஸின் குமிழை மெல்ல ஏற்றினார். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கில் ஒரே வார்த்தை சொன்னாள்.

"அஞ்சரை."

கூட்டத்துக்கு அது புரியாது. அக்காவுக்குப் புரிந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கை அவளிடம் பேசிய முதல் வார்த்தை ஒரு கட்டளை. பேஸ்காரி ஐந்தரையில் முதல் சுரத்தை அடித்தாள். பலகையின் அதிர்வு என் செருப்புக்குள் ஏறியது.

முதல் சரணம் போனது. கூட்டத்துக்கு யாரோ ஒரு விருந்தாளி நன்றாக வாசிக்கிறாள், அவ்வளவுதான். சவுண்டுக்காரர் மட்டும், "பாத்தீங்களா சார், அவ மூச்சு எடுக்கற எடம் மாறினா அக்கா விரலும் மாறுது" என்றார். இரண்டாவது சரணம் போனது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இரண்டாவதின் கடைசி வரி. அக்கா தலையசைக்கும் இடம் அதுதான். தங்கையின் பிடரி விறைத்ததைப் பார்த்தேன்.

ஏழு மணி.

விடுதிக்காரம்மா ஒரு நொடி பிசகவில்லை. ஒலிபெருக்கிகள் செத்தன. தங்கையின் குரல் சட்டென்று ஓர் ஆள் அளவுக்குச் சுருங்கி, நின்றது. ஆறு வருடப் பழக்கம். மைக்கை வைத்தாள், குனிந்து செருப்பைத் தேடினாள். கூட்டம் எழுந்து மணலைத் தட்டியது. அறுபது பேரும் அறுபது சுருதியில் முணுமுணுத்தார்கள்.

அக்கா நிறுத்தவில்லை.

விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. சத்தம் கிடையாது. ஊமைக் கிட்டாரில் அவள் மூன்றாவது சரணத்தை வாசித்துக்கொண்டிருந்தாள், தலைகுனிந்து, யாருக்கோ கடன்பட்டவள் போல அல்ல, கேட்டால் கேள் என்பதுபோல. தங்கை ஒரு காலில் செருப்பு மாட்டியபடி அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு எட்டு வைத்தாள். கேட்கவில்லை. கூட்டத்தின் முணுமுணுப்பு வேறு. இன்னொரு எட்டு. அப்போதும் கேட்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் பக்கத்தில் போய், குனிந்து, காதைக் கிட்டாரின் தோளில் வைத்தாள். அவள் நெற்றி அக்காவின் தாடையில் இடித்தது. யாரும் நகர்ந்துகொள்ளவில்லை.

பிறகு அவள் உதடுகள் அசைந்தன.

மூன்றாவது சரணம் முழுவதும் பாடினாள். எனக்கு அது கேட்கவில்லை. நான் பன்னிரண்டு அடி தள்ளி நின்றேன்.

8

மூச்சு வாங்க விடுதிச் சமையலறைக்குப் போனேன். விடுதிக்காரம்மா சுவிட்சுக்கு அடியிலேயே நின்றிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமாக ஒவ்வொரு கச்சேரியின் கடைசி ஐந்து நிமிடமும் இவர் இந்தச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். ஊரில் எல்லாப் பாட்டையும் முடித்துவைக்கிறவர் ஒரு முடிவையும் பார்த்ததில்லை. சொன்னேன். செருப்பு வரைக்கும் விடாமல் சொன்னேன்.

"எந்தச் சுருதில பாடினாங்க? அந்தப் பொண்ணு சொன்ன அஞ்சரையா, அக்கா எறக்கிட்டாளா?"

"தெரியல."

"அவ புருஷனக் கேக்கறதுதான?"

"கேட்டேன். மெஷினுக்குப் போர்வை போத்திட்டு இருந்தாராம், பாக்கலையாம்."

"ரெண்டு நிமிஷமாவா போத்தினாரு?"

"ஒரே போர்வையத் திரும்பத் திரும்ப போத்திட்டு இருந்தாரும்மா. கண்ணத் தொடச்சதும் அதுலதான்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார். "அக்கா எறக்கித்தான் வாசிச்சிருப்பா" என்றார். "தங்கச்சியும் அதுலயே பாடியிருப்பா."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆறு வருஷத்துல எல்லாருக்கும் தொண்ட கொஞ்சம் எறங்கித்தான சார் இருக்கும்."

இப்படி ஒரு வரி என் பேனாவுக்கு வரவில்லையே என்று பொறாமையாக இருந்தது. அதனாலேயே மறுத்தேன். அக்கா ஐந்தரையிலேயே வாசித்திருக்கலாம், தலையசைக்காமல் இருக்கத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்றேன்.

"அப்படியும் இருக்கலாம்" என்றார் அவர். வாசல் விளக்கை அணைக்கப் போனார்.

9

திங்கள் காலை பேருந்து. அதே கண்டக்டர். பேஸ்காரிக்கும் கிட்டாருக்கும் பதிவான இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. கண்டக்டர் பட்டியலைப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்தார், விசில் ஊதினார்.

"ரெண்டு பேரும் வரல. நீங்க உக்காருங்க சார், இன்னிக்காவது."

நீங்கள் அவசரப்பட வேண்டாம். பேஸ்காரி அடுத்த பேருந்தில் வரலாம். கப்பல் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தாடையில் நெற்றி இடித்தவர்கள் மறுநாள் காலையில் மறுபடி சண்டை போட்டுக்கொள்வதும் உலகத்தில் உண்டு. அவள் கீழறையில் தூங்கிப்போயிருக்கலாம். மூன்று இரவு நடந்தவள், பாவம். விடுதிக்காரம்மா எழுப்பியிருக்கமாட்டார்.

நான் ஓர இருக்கையில் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் கிட்டாருடையது. அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. முழங்காலை நீட்டிக்கொண்டேன். வலி இல்லை. வலி இல்லாமல் எனக்கு எழுத வரவில்லை, அதுதான் இங்கே பிரச்சினை.

ஆகவே ஜன்னலோரம் உங்களுக்கு. நான்கரை மணி நேரம் இருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி கடைசிப் பாட்டு விருந்தாளிக்கு. இந்தக் கதைக்கு வெளியூரிலிருந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான். மூன்றாவது சரணத்தை அவர்கள் எந்தச் சுருதியில் முடித்தார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். பத்து வரை எண்ணுவேன். அதற்குள் வராவிட்டால் நானே எழுதிவிடுவேன். அதில் நிச்சயம் கடல் இசைத்துக்கொண்டிருக்கும், எச்சரித்துவிட்டேன்.

ஒன்று.